சாரின் குறிப்புகளைத் திறக்க ஆறு மாலைகள்

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு, சாரின் பழைய பாடக் குறிப்புகளில் 41-ஆவது கோப்பும் படிக்கிற தமிழாகத் திறந்தது. பழைய லேப்டாப், புது ஆப்பரேட்டிங் சிஸ்டம், நடுவில் சாகக் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க் என்று ஆறு மாலைகள் போயின. எதை எந்த வரிசையில் செய்தேன், எங்கே வழி தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பக்கத்தில் நோட்டு திறந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த நோட்டுப் பழக்கம் சார் கொடுத்தது. கல்லூரியில் எங்களுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுத்தவர். ஆய்வகத்துக்குள் வந்தால் நோட்டில் மூன்று கட்டம் போட வேண்டும்: செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது. நடுக் கட்டத்தை நிரப்பாமல் என்டரைத் தட்டக்கூடாது. “என்ன வரும்னு யோசிக்காமலே தட்டினா, வந்தது சரியா தப்பான்னு எதை வச்சுச் சொல்லுவ?” என்று கேட்பார். அப்போது அது வேலையை இழுத்தடிப்பதாகத் தோன்றியது. இந்த ஆறு மாலைகளில் அது என்னை இரண்டு முறை காப்பாற்றியது.

சார் போன மாதம் காலமானார். செய்தி வந்த அன்று இரவு எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய பாடக் குறிப்புகள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலோடு முட்டி மோதுவதைப் பார்த்து, 2002-லிருந்து 2005 வரை பாடம் பாடமாக அவரே உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. படிப்பு முடிந்தபோது ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். சிடி எப்போதோ படிக்க முடியாமல் போய்விட்டது. அதிலிருந்து எடுத்த நகல், நான் 2014-இல் வாங்கிய லேப்டாப்பில் மட்டும் இருந்தது.

அந்த லேப்டாப்பை மூலையில் வைத்து ரொம்ப நாள் ஆயிற்று. 4 ஜிபி ராம், 500 ஜிபி சுழலும் டிஸ்க், விண்டோஸ் 10. அந்தப் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இதில் அது இல்லை. இயக்கிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தி மேசைத்தளம் முழுதாக வர 2 நிமிடம் 40 நொடி. எப்படியும் வேறு சிஸ்டம் போட வேண்டியதுதான் என்றானபோது, சாரின் ஆய்வக மூலையில் இருந்த ஒற்றை லினக்ஸ் கணினி ஞாபகம் வந்தது. சரி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் என்று முடிவு செய்தேன்.

முதல் மாலை முழுக்கப் பென்டிரைவோடு போனது. டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் உள்ள, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் பதிப்பு, சுமார் 3 ஜிபி. இன்னொரு கணினியில் இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் எழுதினேன். லேப்டாப் அதிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் நின்றது. பென்டிரைவை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகளைக் கிளறினேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகுதான் இறக்கிய கோப்பின் செக்சம்மை, அதாவது கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் அடையாள எண்ணைச் சரிபார்த்தேன். 64 எழுத்துகளில் முதல் நான்கே ஒத்துப்போகவில்லை. கோப்பு இறங்கும்போதே பழுதாகியிருக்கிறது. மறுபடி இறக்கி, இந்த முறை எழுதுவதற்கு முன்பே செக்சம் பார்த்தேன். லைவ் மேசைத்தளம் மூன்று நிமிடத்தில் வந்தது.

வைஃபை வேலை செய்யவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம் என்று, போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டேன். அது எந்த டிரைவரும் கேட்காமல் உடனே எடுத்துக்கொண்டது.

இரண்டாம் மாலை பெரிய தப்பு ஒன்று நடந்திருக்கும். டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல், குறிப்புகள் இருந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டேன். 23-ஆவது கோப்பில் நகல் உறைந்து நின்றது. லேப்டாப்பின் இடது பக்கத்திலிருந்து மெல்ல ஒரு சத்தம். டக். இரண்டு நொடி அமைதி. மறுபடி டக். காதை வைத்துக் கேட்டதும் நகலெடுப்பதை நிறுத்திவிட்டேன். ஸ்மார்ட்சிடிஎல் போட்டு டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையை எடுத்துப் பார்த்தால், படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள், 24.

இப்படிப்பட்ட டிஸ்க்கைக் கோப்பு கோப்பாகத் திறந்து நகலெடுக்கக்கூடாது. டிஸ்க்கைப் படிக்கும் தலை ஒவ்வொரு முறை அலைவதும் அதற்குச் சுமை. முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே பெரிய கோப்புக்குள் பிம்பமாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிம்பத்துக்குள் தேட வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. டெபியனில் நிறுவும்போது பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ உண்டு, ஜிடிடிரெஸ்க்யூ. அது தெரியாமல் பத்து நிமிடம் தேடினேன். இந்தக் கருவி நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் வேகமாக எடுத்துவிடும். சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க முயலும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அந்த வரைபடக் கோப்பைப் பார்த்ததும் சாரின் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட் தளர்ந்திருந்ததால் யூஎஸ்பி 2-இல்தான் 1 டிபி வெளி டிஸ்க்கைச் செருக முடிந்தது. நொடிக்குச் சுமார் 30 எம்பி. அந்தக் கணக்கில் 4 மணி 40 நிமிடம் ஆகும் என்று நடுக் கட்டத்தில் எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனபோது, தூசு படாமல் இருக்கட்டும் என்று லேப்டாப் மூடியைச் சாய்த்தேன். அவ்வளவுதான், மொத்தமும் தூங்கிப்போனது. திறந்து பார்த்தால் வெளி டிஸ்க் துண்டிக்கப்பட்டு, கருவி பிழையோடு நின்றிருக்கிறது. வரைபடக் கோப்பு மட்டும் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும், நோயாளி டிஸ்க்கை இரண்டாம் முறை முழுக்க உருட்டியிருக்க வேண்டும். அதே கட்டளையை அப்படியே மறுபடி கொடுத்தேன். 65 சதவீதத்திலிருந்து தொடர்ந்தது.

நல்ல பகுதிகள் நள்ளிரவுக்குள் முடிந்தன. சிக்கலான இடங்களை அது சுரண்டிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திரையில் இருந்த கணக்கு: 500,107,862,016 பைட்டில் 12,288 பைட் வரவில்லை. 24 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அந்தப் பெரிய எண்ணைக் கோப்பு மேலாளர் 465.8 என்று காட்டும். வாங்கியது 500 ஜிபி, காட்டுவது 465, மீதி எங்கே என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டதற்கு சார் பதில் சொல்லவில்லை. சாக்பீஸை அவன் கையில் கொடுத்து, 1024-ஆல் மூன்று முறை வகுக்கச் சொன்னார். பலகையில் அவன் வகுத்து முடிக்கும் வரை, கைகட்டி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். இருபது வருடம் ஆகியும் எனக்கு அந்த வகுத்தல் மறக்கவில்லை.

மூன்றாம் மாலை ஸ்குரூடிரைவர் வேலை. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். இந்த முயற்சிக்காகக் காசு கொடுத்து வாங்கியது அது மட்டும்தான். பின்மூடியில் 11 ஸ்குரூ, அவற்றில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. பிஹெச்0 முனை சரியாகப் பொருந்தியது. ஒரு காகிதத்தில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஸ்குரூக்களை அதே இடத்தில் குத்தி வைத்தேன், ஏனென்றால் நடுவில் உள்ள மூன்றும் மற்றவற்றைவிடக் குட்டை. பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ. அந்த 2.5 மிமீ வித்தியாசத்தை அலட்சியம் செய்து மூடிவிட்டேன். பயாஸ் எஸ்எஸ்டியைக் காணவில்லை என்றது. திறந்து பார்த்தால், அது சற்றே கீழே தொங்கி, இணைப்பான் முழுதாக உட்காராமல் இருந்தது. பழைய ரூட்டர் பெட்டியின் பிளாஸ்டிக்கை வெட்டி, 2.5 மிமீ வரும்படி இரண்டடுக்காக ஒட்டி அடியில் வைத்தேன். உடனே தெரிந்தது.

நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலி எஸ்எஸ்டி என்பதால் பார்ட்டிஷன் கவலை இல்லை, 14 நிமிடத்தில் முடிந்தது. பொத்தானிலிருந்து மேசைத்தளம் வரை 19 நொடி. எதுவும் திறக்காமல் இருக்கும்போது ராமில் 640 எம்பிதான் ஓடுகிறது. பதினொரு வருட மெஷின் இது.

நான்காம் மாலை வைஃபை. அந்தச் சிப்புக்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. டிரைவரை என் கணினியிலேயே தொகுக்க, சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஹெடர் கோப்புகளையும் சேர்த்துப் போட்டேன், தொகுத்து முடிந்தது, பிழை எதுவும் இல்லை, ஆனால் வைஃபை வரவில்லை. நான் இரண்டு முறை நீக்கி நிறுவினேன். பிறகு நோட்டைப் பார்த்தால், நடுக் கட்டம் இரண்டு முறையும் காலி. உட்கார்ந்து எழுதினேன்: டிரைவர் ஏற்றப்பட்டிருந்தால், கெர்னலில் ஏறியுள்ள துண்டுகளான மாட்யூல்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லை. கையால் ஏற்றிப் பார்த்தேன். சாவி நிராகரிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது, என் கணினியிலேயே தொகுத்த மாட்யூலின் கையொப்பத்தை அது ஏற்கவில்லை.

செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபம். ஆனால் ஏன் தடுக்கிறது என்று தெரிந்த பிறகு அதை அணைக்க மனம் வரவில்லை. அதனால் மோக்யூடில் என்ற கருவி மூலம் என் கையொப்பச் சாவியைப் பதிவுக்குக் கொடுத்தேன். ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்டது. மறுதொடக்கம் செய்யும்போது ஒரு நீலத் திரை வரும், 10 நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். முதல் முறை நான் தண்ணீர் குடிக்கப் போய் அதைத் தவறவிட்டேன். இரண்டாம் முறை முன்னாலேயே உட்கார்ந்திருந்து சாவியைப் பதிந்தேன். வைஃபை வந்துவிட்டது.

இனிதான் நான் காத்திருந்த வேலை. ஐந்தாம் மாலை, டிஸ்க் பிம்பத்தைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்து, அதாவது ஒரு டிஸ்க்கைப் போலத் திறந்து, குறிப்புகள் ஃபோல்டரை எஸ்எஸ்டிக்கு எடுத்தேன். 41 உரைக் கோப்புகள். முதல் பாடத்தைத் திறந்தேன். திரை முழுக்கப் பின்னங்கள்.

அவை, இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு தமிழில் பரவலாவதற்கு முன் புழங்கிய திஸ்கியில் எழுதப்பட்டவை. 1990-களின் பிற்பகுதியில் தமிழ் ஆர்வலர்கள் இணையம் வழியே பேசி உருவாக்கிய குறியேற்றம் அது, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடு. ஒரு பைட்டுக்கு உள்ள 256 இடங்களில் மேல்பாதியில் தமிழ் எழுத்து வடிவங்களை அடுக்கியிருப்பார்கள். அதற்கான எழுத்துரு இல்லாமல் திறந்தால், அதே இடங்களில் ஐரோப்பியக் குறிகள் தெரியும். ‘ட’ வர வேண்டிய இடத்தில் ¼, ‘ண’வுக்கு ½, ‘த’வுக்கு ¾. தலைகீழ்க் கேள்விக்குறி ¿ வந்தால் அது ‘ந’. ‘கொ’ என்பது ¦¸¡ என்று மூன்று துண்டாக நிற்கிறது: முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்திருக்கிறார்கள். யூனிகோடில் மெய்தான் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும்.

பழைய எழுத்துருவைத் தேடிப்பிடித்துப் போட்டேன், பாதி எழுத்துகள் மட்டும் தமிழாயின. அதை விட்டுவிட்டேன். எழுத்துருவை ஒட்டிவைத்தால் பார்க்க முடியும், தேட முடியாது. அடுத்து மாற்றியை நானே எழுதலாம் என்று அட்டவணை போட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஏதோ ஒரு எண்ணத்தில், டெபியனின் அடிப்படை சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற குறியேற்றம் மாற்றும் கருவிக்குத் தெரிந்த குறியேற்றங்களைப் பட்டியல் போடச் சொன்னேன். நீளமாக ஓடிய அந்தப் பட்டியலுக்குள் திஸ்கி இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ உட்கார்ந்து, கொம்பையும் காலையும் வரிசை மாற்றுவது வரை எழுதி, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்குள்ளும் போய்ச் சேரும்படி வைத்திருக்கிறார். அந்த நபருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன்.

41 கோப்புகளையும் ஒரே ஓட்டத்தில் மாற்றினேன். ஒரு பிழைகூட வரவில்லை. நடுக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: ஒவ்வொரு கோப்பும் சுமார் மூன்று மடங்காகப் பெருக வேண்டும். திஸ்கியில் ஒரு குறிக்கு ஒரு பைட், யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அளவுகளைப் பார்த்தேன். 34 கோப்புகள் பெருகியிருந்தன. 7 கோப்புகளின் அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. திறந்தால் உள்ளே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அவை பாமினி வகை எழுத்துருவில் அடித்தவை, அந்த வகையில் சாதாரண ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் உட்கார்ந்திருக்கும். ஐகான்வ் அவற்றை ஆங்கிலம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டது. பிழை வராததை நம்பி மூடியிருந்தால் இந்த ஏழும் தப்பிப்போயிருக்கும்.

அந்த ஏழுக்கு மட்டும் பைத்தானில் 140 வரி எழுதினேன். முதல் முயற்சியில் ஒற்றை எழுத்துகளை முதலில் மாற்றிவிட்டு, கூட்டெழுத்துகளுக்குப் பிறகு வந்தேன். அதற்குள் கூட்டின் பாதி வேறு எழுத்தாகியிருந்தது. நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும், ஒற்றை எழுத்து கடைசியில். அதைத் திருப்பியதும் நேராயிற்று. நேற்று ஆறாம் மாலை அது முடிந்தது.

மறுபடி இப்படி ஒன்று செய்ய நேர்ந்தால், டிஸ்க் அறிக்கையைப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் தொட மாட்டேன். டிஸ்க்கை லேப்டாப்பிலிருந்து கழற்றி, சாட்டா அடாப்டர் வழியாக வேறு நல்ல கணினியில் பிம்பம் எடுப்பேன். மூடினால் தூங்கும் அமைப்பை முதல் வேலையாக அணைப்பேன். தமிழ்க் கோப்புகளை மாற்றும்போது, முதலில் ஒவ்வொரு கோப்பிலும் மேல்பாதி பைட்டுகள் எத்தனை என்று எண்ணுவேன். திஸ்கியா பாமினியா என்று அந்த ஒரு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. வராமல் போன 12,288 பைட்டில் 4,096 பைட் சாரின் கோப்பு ஒன்றுக்குள் விழுந்திருந்தது, நகல் உறைந்த அதே 23-ஆவது கோப்பு. டெட்லாக் பாடம், அதாவது ஒருவர் பிடித்திருப்பதற்காக மற்றவர் காத்து, யாரும் நகர முடியாமல் நிற்கும் நிலை பற்றியது. அவர் அதற்கு ‘விடாப்பிடி’ என்று பெயர் வைத்திருந்தார். காஃப்மன் முதலானோர் 1971-இல் சொன்ன நான்கு நிபந்தனைகளில் மூன்றை விளக்கிவிட்டு, நான்காவதான வட்டக் காத்திருப்பைத் தொடங்கும் வாக்கியத்தின் நடுவிலேயே உரை அறுந்து, ஏறக்குறைய இரண்டு பக்கம் வெறும் சுழியம். பிறகு நேராகப் பயிற்சிக் கேள்விகள்.

அந்த வகுப்பு எனக்குத் தெரியும். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இன்னொருவன் கையில் பென்சில். இருவரும் ஆளுக்கொரு நேர்கோடு போட வேண்டும், கையில் இருப்பதைக் கோடு போட்டு முடிக்கும் வரை விடக்கூடாது. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். சார் ஒன்றும் சொல்லவில்லை, மேசையில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். முழுசாக இரண்டு நிமிடம். பிறகு எழுந்து வந்து ஸ்கேலில் சாக்பீஸால் 1 என்றும் பென்சிலில் சின்னதாக 2 என்றும் எழுதினார். “இனிமே யாரா இருந்தாலும் ஒண்ணை எடுத்த பிறகுதான் ரெண்டைத் தொடணும். இப்போ முட்டிக்கோங்க, பாப்போம்” என்றார். எத்தனை முறை முயன்றும் முட்டிக்கொள்ள முடியவில்லை.

இன்று காலை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, அந்த இடைவெளியில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். பழக்கம் விட்டுப்போனதால் மெதுவாகத்தான் வருகிறது. அவருடைய வாக்கியம் எங்கே அறுந்ததோ அங்கே சதுர அடைப்பு ஒன்றைத் திறந்து, இங்கிருந்து மாணவன் எழுதியது என்று குறித்திருக்கிறேன். ஸ்கேலில் 1 போட்ட இடம் வரை வந்திருக்கிறேன்.